பூட்டிய கடைகளும் பொதுக் கடமையும்

கொழும்பிலும் தென்னிலங்கைச் சிற்றூர்களிலும் கடை நடத்திப் பேர் பெற்றவர்கள் புங்குடுதீவு வணிகர்கள். அவர்களுடைய மண்ணாகிய இறுப்பிட்டியில் இன்று ஓர் இளைஞன் தையற்கடையோ சைக்கிள் திருத்தகமோ தொடங்க எண்ணினால், நாலு சுவருக்கு அலைய வேண்டியிருக்கிறது. என்ன முரண்பாடு இது!

இடமில்லையா? இருக்கிறது. 1991இல் போர் ஊரையே பெயர்த்தது. உரிமையாளர் பலர் கனடாவிலும் பிரான்சிலும் வேரூன்றினர். கட்டடங்கள் பூட்டியபடியே பாழடைகின்றன. யாழ்ப்பாண நகருக்குப் போனாலோ, முற்பணமே மூலதனத்தை விழுங்கிவிடும்.

வாடகைக்கு விட்டால் உரிமை பறிபோகுமே என்பர். பத்தாண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கோரும் சட்டம் 1871 முதல் உண்டு. ஆயின், உடையவரை ஏற்று வாடகை செலுத்துபவன் அவ்வாறு கோர முடியாது. இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே அச்சத்துக்கு மருந்து பூட்டன்று, எழுத்திலான ஒப்பந்தமே.

வேலணைப் பிரதேச சபை இடைநின்று, உரிமையாளரையும் புதுத் தொழில் தொடங்குவோரையும் இணைத்து, குறைந்த வாடகைக்கு ஒப்பந்தம் செய்விக்கட்டும். தன் நிலத்தில் சிறு கடைகளும் கட்டட்டும். கோபுரத் திருப்பணிக்குக் கடல் கடந்து பணம் அனுப்பும் அன்பர்களே, ஊரில் உங்கள் கடைக் கதவையும் சற்றே திறவுங்கள்!