வினவுவோர் மலையேறட்டும்

புளியமரத்தினின்று விழுந்து தண்டுவடம் சிதைந்த கல்வராயன் மலைவாசியிடம் "எப்படி வாழ்கிறீர்?" என்று கேட்பவர் யார்? ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனையை எட்டியவரையே எண்ணுகின்றன. படுக்கைப்புண்ணோடும் சிறுநீர்த் தொற்றோடும் மலைக்குடிசையில் கிடப்பவர் கணக்கில் வருவதில்லை. நோயாளரைச் சந்திக்கும் நாமும் ஆறுதல் சொல்லித் திரும்புகிறோமேயன்றிக் கேட்டதுண்டா?

"படுத்திருப்பவருக்கு என்ன தெரியும்?" என்பர் சிலர். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். அவருக்குப் பட்டம் கற்பிக்காததைப் படுக்கை கற்பித்தது அன்றோ?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6ஆம் பிரிவில், அவர்தம் தெளிந்த இசைவின்றி ஆய்வு கூடாது என்கிறது. அனுமதி தரும் குழுவில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்பினராகவோ இருத்தல் வேண்டும் என்கிறது. புரியாத தாளில் பெருவிரல் ரேகை வாங்குவது இசைவாகுமா?

ஆய்வை நாம் வெறுக்கவில்லை. அவர்கள் பங்கேற்கவே விழைகிறோம். ஆயின் வினாக்கள் அவர்தம் பேச்சுமொழியில் அமையட்டும்; முடிவுகள் கள்ளக்குறிச்சியோடு நின்றுவிடாமல் கட்டிலருகே திரும்பட்டும். கேட்டுச் சென்றவர் மீண்டும் வாராவிடில் அது ஆய்வன்று, அறுவடையே.