படைக்கழிவுத் துப்பாக்கியும் நான்கு நம்பிக்கைகளும்

ராணுவத்தார் கழித்துவிட்ட பழைய ரைபிள்களை வாங்கி, அவற்றின் ரிசீவர் (மற்ற உறுப்புகளைத் தாங்கும் உடற்பகுதி), போல்ட் (தோட்டாவைப் பின்னிருந்து அடைத்துப் பூட்டும் தண்டு), குழல் முதலிய உறுப்புகளைக் கொண்டு வீட்டுப் பட்டறையிலேயே வேட்டைத் துப்பாக்கி அமைத்துக்கொள்வதைப் பொழுதுபோக்காகக் கைக்கொண்டவர்கள் அமெரிக்காவில் பல தலைமுறைகளாக இருந்து வருகிறார்கள். யுத்தத்துக்கென்று செய்தது பலத்தில் குறையாது, ஒரே அளவுக்குச் செய்த உறுப்புகள் ஆதலால் எதுவும் எதனோடும் பொருந்தும், விலையோ மலிவு, முரட்டுப் பொருளை நேர்த்தியாக்குவதால் நஷ்டம் எவருக்கும் இல்லை என்பது அவர்களிடையே வேரூன்றிய அபிப்பிராயம். ஒரு வாக்கியமாகக் கேட்கும்போது நியாயமாகவே தோன்றும் இந்த வாதம், நான்கு கூறாகப் பிரித்துப் பார்த்தால் நிற்பதில்லை.

முதலாவது, பலத்தைப் பற்றியது. 1898-ஆம் ஆண்டு ஜெர்மானிய ராணுவம் ஏற்றுக்கொண்ட மௌசர் ரைபிளின் போல்ட்டில், முன்புறம் பூட்டிக்கொள்ளும் இரண்டு காதுகளும், அவை உடைந்தாலும் காக்கும்படி பின்னால் மூன்றாவதொன்றும், தோட்டாக் கூடு கிழிந்தால் வாயு வெளியேறுவதற்குத் துவாரங்களும் இருந்தன என்பதும், லண்டனில் ரிக்பி போன்ற புகழ்பெற்ற கம்பெனியார் அதை ஆதாரமாகக் கொண்டு உயர்தர வேட்டைத் துப்பாக்கிகள் செய்தனர் என்பதும் மெய்யே. ஆனால் ஓர் அமைப்பின் சிறப்பு, யுத்தத்துக்குச் செய்த இரும்பு அனைத்தின் சிறப்பும் ஆகிவிடாது. அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டையே பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச்சாலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு சாலையில் 2,85,507-க்கும் கீழ்ப்பட்ட வரிசை எண் கொண்ட ரிசீவர்களுக்கு, உலையின் சூட்டை அனுபவசாலிகளான தொழிலாளர் கண்ணால் பார்த்தே நிர்ணயித்தார்கள். முதல் உலக யுத்தத்தின்போது சில ரைபிள்கள் வெடித்துச் சிதறவே, விசாரணை செய்து பார்த்ததில், வெயில் காயும் நாளில் பழுத்த எஃகின் நிறம் மங்கித் தெரிவதால், மேகமூட்டமான நாளைவிட 300 டிகிரி பாரன்ஹீட் வரையில் கூடுதலாகக் காய்ச்சிவிட்டார்கள் என்பது வெளிப்பட்டது. அப்படி எரிந்துபோன எஃகு, பதம் தப்பிய அரிவாளைப்போல, வளையாமல் நொறுங்கும் தன்மையுடையது. பிறகுதான் உஷ்ணமானிகள் வைத்துப் பதமிடும் முறையையும் மாற்றினார்கள். நொறுங்கிய அந்த ரிசீவர்களும் போருக்கென்றே, தேர்ந்த கைகளால் செய்யப்பட்டவைதான்.

இதற்கு நேர்மாறாக, ஜப்பானிய அரிசாகா ரைபிள் வெறும் குப்பை என்றும் ஒரு வதந்தி நெடுநாள் உலவியது. வெற்று வெடிக்காக வார்ப்பிரும்பில் செய்த பயிற்சித் துப்பாக்கிகளைச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாகக் கொண்டுவர, அவற்றில் உண்மைத் தோட்டாவை இட்டுச் சுட்டதும் அவ்வதந்திக்கு ஒரு காரணம். துப்பாக்கி நிபுணர் பி. ஓ. ஆக்லி பல நாட்டு ரைபிள்களை வேண்டுமென்றே உடையும்வரை சோதித்தபோது, பலத்தில் தலைசிறந்து நின்றது அரிசாகாவின் 38-ஆம் மாதிரியே. ஆகவே, கையில் இருக்கும் அந்த ஒரு துண்டு எஃகைத்தான் நாம் பரீட்சிக்க வேண்டுமே தவிர, அதன் வம்சப் பெருமையையோ வம்சப் பழியையோ அல்ல.

இரண்டாவது, எதுவும் எதனோடும் பொருந்தும் என்பது. போல்ட் உள்ளே நுழைந்து திரும்பிவிட்டால் பொருந்திவிட்டதாக அர்த்தமில்லை. போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா தன் அறையில் சென்று தங்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பர். அது அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலும் பித்தளைக் கூடு நீண்டு, சில சமயம் அடி அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். பிரிட்டிஷ் ராணுவத்தின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டிலே போல்ட்டின் தலை தனியே கழலக்கூடியது. 0, 1, 2, 3 என்று எண் பொறித்து, சிறிது சிறிதாக நீளம் கூடும் தலைகளைச் செய்து வைத்து, ஒவ்வொரு ரைபிளுக்கும் ஏற்றதை ஆயுதக் கம்மியர் அளந்து தேர்ந்தெடுப்பார். ராணுவமே அளந்து பொருத்தியதை, நாம் அளக்காமல் பொருத்தலாம் என்பது என்ன யுக்தி?

மூன்றாவது, மலிவு. ரிசீவரின் விலை மட்டுமே மலிவு. தொலைநோக்கி பொருத்தவேண்டுமானால் மௌசரின் போல்ட் கைப்பிடியை வளைக்க வேண்டும். நிமிர்ந்து எழும் அதன் பாதுகாப்புக் கொண்டியை மாற்ற வேண்டும். கடினமான எஃகில் துளையிட்டு மரையெடுக்க வேண்டும். புதுக் குழல், புது விசை, புது மரக்கட்டை, நீலப்பூச்சு என்று செலவு தொடரும். 1936-இலேயே வின்செஸ்டர் கம்பெனியார் மாடல் 70 என்ற வேட்டை ரைபிளைத் தயாராகவே விற்கத் தொடங்கிவிட்டார்கள். தன் உழைப்பைச் சூன்யமாக மதிப்பவருக்கே கணக்கு லாபத்தில் முடியும்.

நஷ்டம் எவருக்கும் இல்லை என்ற நான்காவது கூற்று சென்ற காலத்துக்கு ஓரளவு பொருந்தியிருக்கலாம். கப்பல் கப்பலாகப் படைக்கழிவு வந்திறங்கிய நாளில் ஒன்றை அறுத்தால் நூறு மிச்சமிருந்தன. 1968-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அந்த இறக்குமதிக்குத் தடை விதித்தது. பிற்பாடு ஓரளவு தளர்ந்தபோதிலும் பழைய வெள்ளம் திரும்பவில்லை. உறுப்புகளின் வரிசை எண்கள் ஒத்து, கட்டை குறையாமல் நிற்கும் ரைபிள் இன்று சரித்திரச் சான்று. அதை அறுப்பவர் சான்றையும் இழக்கிறார், விலையையும் இழக்கிறார்.

இவ்வளவும் சொன்னது இந்தக் கலையை நிந்திப்பதற்காக அன்று. முன்பே யாரோ அறுத்துக் கெடுத்த ரைபிள்கள் ஏராளம். அவற்றை எடுத்து, வரிசை எண்ணை ஆராய்ந்து, அளவுகோலிட்டுப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் தேர்ந்த தொழிலாளியிடம் காட்டி, எஃகையும் மரத்தையும் கையால் அறிந்துகொள்ளும் சந்தோஷத்துக்காக ஒருவர் உழைத்தால் அது மெச்சத்தக்க வித்தையே. ஆனால் அதற்கு நியாயம் அந்த வித்தைதான்; மலிவும் அல்ல, போர்க்களப் புகழும் அல்ல.