டால் ஹவுஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல பொம்மையை அளந்து பாருங்க!

குழந்தை டால் ஹவுஸ் கேட்குது. மொபைலில் தேடினால் சில நூறு ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது, பத்தாயிரத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. மலிவானதை வாங்கினால் ரெண்டு நாளில் உடைஞ்சிடுமோ என்று பயம். விலை அதிகமானதை வாங்கினால் மாத பட்ஜெட்டில் துண்டு விழும். கடைசியில் பல பெற்றோர் குற்ற உணர்ச்சியில் காஸ்ட்லியானதையே ஆர்டர் செய்துவிடுகிறார்கள்.

அது தேவையே இல்லை. குறைந்த செலவிலேயே நல்ல பொம்மை வீடு சாத்தியம். எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

விலையை ஏத்துறது எது?

வீட்டின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதில் குடியிருக்கப் போகும் பொம்மையின் உயரம்தான்.

பார்பி பொம்மையின் உயரம் சுமார் 11.5 அங்குலம். நிஜ மனிதரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 10 அடி உயர அறையைச் செய்தால் 20 அங்குலம் வரும். இரண்டு மாடி என்றால் 40 அங்குலம், அதாவது மூன்று அடிக்கும் மேல். அவ்வளவு பிளாஸ்டிக், அவ்வளவு பெரிய பெட்டி, அதற்கான டெலிவரி செலவு எல்லாம் விலையில் சேரும். வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் வரி வேறு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆக உயர்ந்தது.

இப்போ ஐந்து அங்குலப் பொம்மையை எடுத்துக்கோங்க. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு என்றால் அறை உயரம் 10 அங்குலம்தான். இரண்டு மாடி வீடே 20 அங்குலத்தில் முடிந்துவிடும். உயரம் பாதியாகும்போது தரைப்பரப்பு நாலில் ஒன்றாகச் சுருங்கும். புத்தக அலமாரியின் ரெண்டு தட்டே வீடாகிவிடும். வாடகை ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இடமும் மிச்சம்.

அதனால் பொம்மையை முதலில் முடிவு செய்யுங்க, வீட்டை அப்புறம் பார்க்கலாம். வீட்டில் ஏற்கெனவே பெரிய பொம்மை இருந்தால், அதற்கேற்ற வீடு வாங்குவதைவிட சின்னப் பொம்மைக் குடும்பம் ஒன்று வாங்குவது பெரும்பாலும் சிக்கனம்.

அட்டைப்பெட்டி வீடுன்னா கௌரவக் குறைச்சலா?

இல்லவே இல்லை. 1962-ல் வெளிவந்த முதல் பார்பி வீடு எதில் செய்தது தெரியுமா? அட்டையில்தான். மடித்து எடுத்துப் போகலாம். உள்ளே இருந்த மேசை, நாற்காலியும் அட்டைதான்.

மறுபக்கம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686 முதல் 1710 வரையிலான காலத்தில் உருவானது. அன்று அந்தப் பணத்தில் கால்வாயோரத்தில் நிஜ வீட்டையே வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அது குழந்தை விளையாட அல்ல. பணக்காரப் பெரியவர் விருந்தினருக்குக் காட்ட. விலை உயர்ந்த பொம்மை வீடு பெரும்பாலும் பார்ப்பவர்களுக்கானது என்பது அன்றைக்கே தெரிந்த கதை.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த தடித்த அட்டைப்பெட்டி, அகலமான டேப், பெவிகால், மிச்சமான கிஃப்ட் பேப்பர் இருந்தால் போதும். முன்பக்கச் சுவரை முழுசா எடுத்துட்டு, நாலு அறை தடுங்க. கட்டர் உங்க கையில், பசையும் பேப்பரும் குழந்தை கையில். ஆறு மாசத்தில் நைந்தால் இன்னொன்று கட்டலாம்.

காலியான வீடே போதும்

கடையில் வரும் ரோஸ் கலர் மாளிகையில் லிஃப்ட் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும். பாட்டி படுக்க இடம் இருக்காது. சாமி அலமாரி இருக்காது. துணி காயும் மொட்டைமாடி இருக்காது. காலி வீட்டில் குழந்தை வைப்பது தனக்குத் தெரிந்த வீட்டை. தீப்பெட்டி கட்டிலாகும், பாட்டில் மூடி பக்கெட்டாகும்.

சாமான்களுக்கும் நம்மகிட்ட வழி இருக்கு. அம்பாசமுத்திரம் பக்கம் செய்யும் மரச் சொப்பில் அடுப்பு, உரல், திருகை எல்லாம் உண்டு. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு என்று சேர்த்தால் செலவும் தெரியாது, ஆசையும் நீடிக்கும். ஒரு எச்சரிக்கை: கொலு சீசனில் கிடைக்கும் மண் பொம்மைகள் அலங்காரத்துக்கானவை. உடையும், பெயின்ட் உதிரும். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

பொம்மை விளையாட்டு மூளைக்கு நல்லதா? 2020-ல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, தனியாகப் பொம்மை வைத்து விளையாடும்போதும் பிறரைப் புரிந்துகொள்ள உதவும் மூளைப் பகுதி இயங்குவதைக் காட்டியது. அதற்கு நிதி தந்தது பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்கணும். அந்த ஆய்வு பொம்மை விளையாட்டைப் பற்றியது. விலை உயர்ந்த வீடு வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் பெண் குழந்தைக்கு மட்டும்தான் என்றும் நினைக்காதீங்க. பையனுக்கும் இது வேணும்.

எங்கே சிக்கனம் கூடாது?

பாதுகாப்பில். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், இறக்குமதிக்கும்தான். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டுப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவைக்கும், சென்னபட்ணா போன்ற புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இதில் விலக்கு உண்டு. முத்திரையும் இல்லாமல், யார் செய்தது என்றும் தெரியாமல் வரும் மலிவு பிளாஸ்டிக்கைத் தொடாதீங்க.

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் குட்டிச் சாமான்களே வேண்டாம், தொண்டையில் சிக்கும். லைட் எரியும் வீடு என்றால் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டதா என்று பாருங்க. பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். பழைய வீட்டை யாரிடமாவது வாங்கினாலும் கூர்முனை, உதிரும் பெயின்ட், துருப்பிடித்த ஆணி இருக்கா என்று தடவிப் பார்த்து வாங்குங்க.

"பக்கத்து ஃபிளாட் பாப்பாகிட்ட பெரிய வீடு இருக்கே" என்ற கேள்வி வரத்தான் செய்யும். விலையைச் சொல்லிக் குழந்தையின் வாயை அடைக்க வேண்டாம். தரையில் கூட உட்கார்ந்து, "இந்த ரூம் யாருக்கு?" என்று கேளுங்க. பத்தாயிரம் ரூபாய் வீட்டோடு அந்தக் கேள்வி வராது, நாமதான் கேட்கணும்.