கோழியின் ஊசியும் இடுப்பின் கொழுப்பும்

“பாட்டன் காலத்தில் வாவி மீனும் குரக்கன் பிட்டும்தான், புற்றுநோய் எங்கே இருந்தது? எல்லாம் புரொய்லர் கோழிக்குப் போடும் ஹோர்மோன் ஊசியால் வந்தது.” கல்லடியிலிருந்து வாழைச்சேனை வரை அலுக்காமல் சொல்லப்படும் வாதம் இது.

ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நாள் தவறாமல் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? தீவனத்தில் கலந்தாலும் வளர்ச்சி ஹோர்மோன் ஒரு புரதம், குடலிலேயே செரித்துவிடும். கோழி சீக்கிரம் பருப்பது இனத் தேர்வாலும் தீவனத்தாலும்.

ஹோர்மோன் மீது சந்தேகம் கொள்வது சரிதான். தேடும் இடம்தான் பிழை. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜனைப் பெரும்பாலும் தயாரிப்பது கொழுப்புத் திசு. அங்குள்ள அரோமடேஸ் என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். மார்பிலும் கருப்பையின் உட்சுவரிலும் கலங்கள் பெருகத் தூண்டப்படும். இன்சுலினும் ஏறினால் கேட்கவே வேண்டாம். உடற்பருமனோடு 13 வகைப் புற்றுநோய்களுக்குத் தொடர்பு உண்டென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் அறிவித்தது. மெலிந்தவருக்கு வராது என்பதல்ல. பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே.

பாட்டன் காலமும் அப்படியொன்றும் தூய்மையானதல்ல. அவர் வாயில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. புகையிலை சேராவிட்டாலும் அது புற்றுநோய் தரும் என்று அதே முகவரகம் 2004இல் பதிவு செய்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் இன்றும் முன்வரிசையில்தான்.

வாவி மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். தட்டில் மலையாகக் குவியும் சோற்றையும் சீனித் தேநீரையும் குறையுங்கள். மார்பில் கட்டி தென்பட்டால் கோழியைத் திட்டிக்கொண்டிராமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.