பேனுக்குப் பழி பெண்ணுக்கா?

‘ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. சிறு செய்தியைப் பெரிதாக்குவோரைக் குறித்து முன்னோர் இப்படிச் சொல்லி வைத்தனர். பழமொழியை விட்டு உண்மைப் பேனையே எடுத்துக்கொண்டாலும், அதையும் நாம் பெருமாளாக்கித்தான் வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாணவியின் தலையில் பேன் ஊர்வதை அருகில் இருப்பவள் கண்டுவிட்டால் போதும். மாலை மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் அச்செய்தி பரவிவிடும். பேன் பரவும் வேகத்தைவிடப் பழி பரவும் வேகம் அதிகம்! மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. பேன் என்ன குற்றமா? குற்றமென்றால் அது யாருடைய குற்றம்? தோழியரே, பெற்றோரே, சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

மனிதனை அண்டிப் பிழைக்கும் பேன்களில் நாம் முக்கியமாக அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று தலைப்பேன், மற்றொன்று சீலைப்பேன். தலைப்பேன் எள்ளளவே இருக்கும். அதற்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. ஒரு தலை மற்றொரு தலையோடு நெருங்கும்போது ஊர்ந்து செல்லும், அவ்வளவுதான். முடியின் அடியில் ஈர்களை ஒட்டி வைக்கும். அவை ஏழு முதல் பத்து நாள்களில் பொரிக்கும். தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் மாண்டுபோகும். சுத்தமான தலை, அழுக்கான தலை என்ற வேற்றுமை அதற்கு இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளை, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை என்ற வேற்றுமையும் இல்லை. நாம் ஏட்டில் படிக்கும் சமத்துவத்தைப் பேன் நடைமுறையில் காட்டுகிறது!

சீலைப்பேனின் கதை வேறு. அது துணியின் தையல் மடிப்புகளில் குடியிருந்து, அங்கேயே முட்டையிட்டு, பசிக்கும்போது மட்டும் உடம்புக்கு வரும். துணியை அடிக்கடி மாற்றித் துவைப்போரிடம் அதனால் பிழைக்க முடியாது. ஆகவே அது தேடிப் பிடிப்பது மாற்றுத் துணி இல்லாதவர்களை: ஏழைகளை, அகதிகளை, சிறைக்கைதிகளை, போர்வீரர்களை. டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலையும், விட்டு விட்டு வரும் மறுகாய்ச்சலையும் பரப்புவது இந்தச் சீலைப்பேனே.

நம் செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். வாளையும் பீரங்கியையும் பற்றி எழுதும் சரித்திரம், படை முகாம்களின் அழுக்குத் துணியைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. ஆனால் உலகை நடுங்க வைத்த நெப்போலியனின் படை 1812-இல் ரஷ்யாவிலிருந்து திரும்பியபோது, குளிரும் பசியும் போலவே காய்ச்சலும் அதை அழித்தது. லிதுவேனியா நாட்டின் வில்னியஸ் நகரில் தோண்டியெடுத்த அவ்வீரர்களின் எலும்புகளோடு சீலைப்பேனின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன.

டைபஸைப் பரப்புவது பேன்தான் என்று 1909-இல் கண்டறிந்தவர் சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர். டூனிஸ் நகர மருத்துவமனையில், நோயாளியின் பழைய துணியைத் தொட்டவருக்குக் காய்ச்சல் வந்தது. நோயாளியைக் குளிப்பாட்டி வேறு உடை உடுத்தியபின், வார்டில் யாருக்கும் அது தொற்றவில்லை. இதைக் கவனித்தே அவர் உண்மையைப் பிடித்தார். 1928-இல் நோபல் பரிசும் பெற்றார்.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அதுவும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. மகாராஷ்டிரத்து நாசிக்கில் ஒரு மிஷன் பள்ளிக் குடியிருப்பில் மறுகாய்ச்சல் பரவியது. அதை ஆராய்ந்த மக்கீ என்னும் மருத்துவர் 1907-இல் தம் முடிவை வெளியிட்டார். ஆண் பிள்ளைகளின் துணிகளில் சீலைப்பேன் மிகுதியாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் நோயுற்றனர். பெண் பிள்ளைகளிடம் பேன் குறைவு, நோயும் குறைவு. பின்னர் பெண்களிடம் பேன் பெருகியபோது நோயும் பெருகியது. அந்தப் பிள்ளைகளை ஏசியிருந்தால் காய்ச்சல் நின்றிருக்குமா? துவைத்த துணிதான் அதற்கு மருந்து.

‘நாட்குறிப்பு’ எழுதிய ஆன் பிராங்கை நாம் எல்லோரும் அறிவோம். அவள் பதினைந்து வயதில், 1945-இன் தொடக்கத்தில், பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தது டைபஸால் என்றே கருதப்படுகிறது. அவளைப் பேன் நிறைந்த கொட்டடியில் அடைத்தவர்கள்தாம் குற்றவாளிகள். அவள் என்ன குற்றம் செய்தாள்? 1783-இல் உரோமையில் இறந்த புனித பெனடிக்ட் ஜோசப் லாப்ரே, கந்தல் உடையும் பேனுமாகவே தெருவில் வாழ்ந்தவர். 1881-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று உயர்த்தியது. பேனைக் கண்டு மனிதரை எடைபோடுவது எவ்வளவு தவறு!

இன்று நம் வகுப்பறையில் காணப்படுவது தலைப்பேனே. அது டைபஸைப் பரப்புவதில்லை. நம் தமிழ்நாட்டில் அடிக்கடி கேள்விப்படும் உண்ணிக் காய்ச்சலும் பேனால் வருவதன்று. புதரில் வாழும் மிகச் சிறிய வேறொரு பூச்சியால் வருவது. எனவே தலைப்பேனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அரிப்பும், தூக்கமின்மையும், சொறிந்து சொறிந்து புண்ணாவதுமே அதன் தொல்லைகள்.

ஆகவே என் கருத்து இதுதான். பேனுள்ள மாணவியைத் தனியே உட்கார வைக்கக் கூடாது. வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. நம் கண்ணில் படும்போது அந்தப் பேன் வந்து பல வாரம் ஆகியிருக்கும். இன்று ஒருநாள் அவளை விலக்குவதால் என்ன பயன்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் இப்படி விலக்க வேண்டாமென்றே கூறுகிறது. ‘அப்படியானால் எல்லோருக்கும் பரவட்டுமா?’ என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருத்தியின் தலையை மட்டும் சுத்தம் செய்தால், அவளுடைய தங்கையிடமிருந்தோ தோழியிடமிருந்தோ பேன் திரும்பவும் வந்து சேரும். எல்லோரும் ஒரே நாளில் பார்த்தால்தான் ஒழியும். ஆகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, எல்லா வீடுகளிலும் விடுதியிலும் அன்றே தலை பார்க்கட்டும். கடிதம் எழுதினால் ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதாமல், எல்லாப் பெற்றோருக்கும் எழுதட்டும். யாருக்கும் தலைகுனிவு இல்லை. பேனுக்கும் ஒளிய இடமில்லை.

மருத்துவம் எளிது. தலையை நனைத்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பல் நெருங்கிய பேன் சீப்பால் அடியிலிருந்து நுனிவரை வார வேண்டும். சில நாளுக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று வாரம் தொடர வேண்டும். இது புது வழியன்று. லாகீஷ் என்னும் விவிலியக் காலத்து ஊரில், சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. அதில் பேனை ஒழிக்க வேண்டுமென்ற வேண்டுதலே பொறிக்கப்பட்டிருப்பதாக 2022-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். சீப்பு போதாதென்றால் மருந்துக் கடையில் ஒரு சதவிகிதப் பெர்மெத்ரின் மருந்து கிடைக்கும். கழுவித் துடைத்த தலையில் தடவி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். தப்பிய ஈர்கள் பொரித்திருக்கும் என்பதால் ஒன்பதாம் நாள் மீண்டும் தடவ வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போட்டால் போதும். சீழ்ப்புண் இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செய்யக் கூடாதவையும் சில. மண்ணெண்ணெய் வேண்டாம், அடுப்பருகே சென்றால் உயிருக்கே ஆபத்து. வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவோர் உண்டு. அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். பெண்ணின் விருப்பமின்றி முடியை ஒட்ட வெட்டுவதும் வேண்டாம். பேன் போய்விடும், மனப்புண் போகாது.

திண்ணையில் தாயின் மடியில் தலை சாய்த்துப் பேன் பார்க்கக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். நம்பாதவரிடம் யாரும் தலையைக் கொடுப்பதில்லை. அந்த நம்பிக்கையை வகுப்பறையிலும் வளர்ப்போம். தோழியின் தலையில் பேனைக் கண்டால் ஊருக்குச் சொல்லாமல் அவள் காதில் மட்டும் சொல்வோம். முடிந்தால் நம் வீட்டுப் பேன் சீப்பைப் போல ஒன்றை வாங்கியும் கொடுப்போம். பேனை ஒழிப்போம், அதற்கு முன்பாகப் பழியை ஒழிப்போம்!