வால்பாறைக்குத் தனியே ஒரு நாள்!

காலை ஏழு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து தனியாக ஸ்கூட்டரில் கிளம்பினேன். சாலையின் இருபக்கமும் தென்னந்தோப்பு. ஆழியாறு சோதனைச் சாவடியில் பையைக் காட்டியதும் மலை தொடங்கிவிட்டது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் நின்று பார்த்தால், ஆழியாறு அணை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. ஏற ஏறக் குளிர். காடு விலகித் தேயிலை விரிந்தது.

நீங்களும் கிளம்புகிறீர்களா? யானை அருகில் இருந்தால் எச்சரிக்க, வால்பாறையில் சில இடங்களில் சிவப்பு விளக்கு எரியும், பார்த்ததும் நின்றுவிடுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். பாசத்தில் பிஸ்கட் நீட்டாதீர்கள். அந்த ருசிதான் அவற்றை மரத்திலிருந்து இறக்கி, டயருக்கு அடியில் தள்ளுகிறது. இருட்டுவதற்குள் ஊர் சேருங்கள். சேர்ந்ததும் முதல் போன் அம்மாவுக்கு!