வெர்னியர் அளவுகோலைப் பட்டறைக்கும் கொண்டு போகலாம்

பருவ விடுமுறைக்குப் பாகான் டத்தோ வீட்டுக்கு வந்த மறுநாள், அம்மாவின் பழைய மைவியை ஊத்தான் மெலிந்தாங் வரை ஓட்டிப் போனேன். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். "எப்ப இருந்தும்மா இப்படி?" என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடியே இருக்கு. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சா கேக்காது" என்றார் அம்மா.

அந்தச் சத்தம் பழுதல்ல, எச்சரிக்கை. பல கார்களின் பிரேக் பேடில் சிறிய உலோக நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பேட் தேய்ந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்கில் உரசிக் கத்தத் தொடங்கும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். நாம்தான் ரேடியோவைக் கூட்டி வைக்கிறோம்.

இன்னொரு அறிகுறியையும் நாமே அழித்துவிடுகிறோம். பேட் தேயத் தேய, பிரேக் எண்ணெய்க் குப்பியில் அளவு இறங்கும். லைசன்ஸ் தேர்வுக்கு 'ஆர்.பி.கே.' மனப்பாடம் செய்தபோது அந்தக் குப்பியை விரலால் சுட்டிக் காட்டியவர்கள்தாம் நாம் எல்லாரும். ஆனால் அளவு குறைந்தால் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஊற்றி நிரப்பிவிட்டு மூடியைப் போட்டுவிடுகிறோம்.

பட்டறைக்குப் போனேன். போர்மேன் அண்ணன் முதலில், "அப்பா வரலியா, தங்கச்சி?" என்று கேட்டார். பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். "பேட் மட்டும் மாத்துனா போதும். டிஸ்க் இன்னும் ஓடும். முப்பத்தெட்டு வெள்ளியில இருக்கு, எழுபத்தஞ்சு இருக்கு, ஒரிஜினல் நூத்தி நாப்பது. எது போடட்டும்?" அவர் சொன்னதில் விலையைத் தவிர எதுவும் எனக்குப் புரியவில்லை. இயற்பியலில் நல்ல புள்ளி வாங்கியவள் நான். தமிழ்ப்பள்ளியில் 'உராய்வு' என்று படித்தேன், இடைநிலைப்பள்ளியில் 'கெசெரான்', இப்போது பல்கலைக்கழகத்தில் 'ஃப்ரிக்‌ஷன்'. மூன்று மொழியிலும் சூத்திரம் எழுதத் தெரிந்த எனக்கு, மூன்று பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

"டிஸ்க் தடிமனை அளந்து பார்க்கலாமா, அண்ணே?" என்று மட்டும் கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கொடுத்தார். நான்காம் படிவ ஆய்வுக்கூடத்தில் கோலிக் குண்டை அளந்த அதே கருவி. டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்தால் எண் தெரியும். அளந்தேன். அந்த எண்ணைவிட அதிகமாகத்தான் இருந்தது. நிம்மதியாக நிமிர்ந்தபோது அண்ணன் சிரித்தார். "ஓரத்துல விரலை வச்சுப் பாரு." பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் ஒரு வரப்புபோல் நின்றது. அளவுகோலின் தாடை அந்த வரப்பின்மேல் உட்கார்ந்து தவறான அளவைக் காட்டியிருக்கிறது. இரண்டு 20 காசு நாணயங்களை எடுத்து, முதலில் அவற்றின் தடிமனை அளந்துகொண்டோம். பிறகு டிஸ்கின் இருபுறமும் தேய்ந்த பகுதியில் ஒவ்வொன்றாக வைத்து, மொத்தத்தை அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்தோம். அரை மில்லிமீட்டர் குறைவு. டிஸ்க் 'இன்னும் ஓடும்' கட்டத்தைத் தாண்டியிருந்தது.

அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று அம்மாவும் கேட்டார். கார் ஓடும் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கி, அதைத் தாங்கிக் காற்றில் விடுவதுதான் டிஸ்கின் வேலை. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், விரிசல் விடவும் கூடும். பாகான் டத்தோவில் மேடு பள்ளம் கிடையாது. தென்னையும் செம்பனையும் நிற்கும் தட்டையான சாலையில் எந்த பிரேக்கும் நல்ல பிரேக்காகத்தான் தெரியும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாட்டியை ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போகிறோம். திரும்பி இறங்கும்போது வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். வெப்பம் ஏறினால் மட்டமான பேடின் பிடிப்பு தளரும். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தால் இன்னும் மோசம். 'டாட் 3' வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் கலந்த எண்ணெய்க்கு அந்த வரம்பு 140 பாகைதான். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

சரி, மூன்று பெட்டிகளில் எது? என் கருத்தில் பிராண்டு முதல் கேள்வியே அல்ல. பேடைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் '90 ஆர்' என்றும் இருந்தால், அது ஐ.நா.வின் 90-ஆம் ஒழுங்குவிதிப்படி சோதிக்கப்பட்டது என்று பொருள். மாற்று பேடின் செயல்திறன் காரோடு வந்த மூல பேடிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்கிறது அந்த விதி. சில பேடுகளில் இரண்டு எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் உராய்வுக் கெழு, இரண்டாவது சூடான நிலையில். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' அதற்கும் மேல். தேர்வுத்தாளில் நாம் கிரேக்க எழுத்தாக எழுதும் அதே 'மியூ'தான். இந்த எழுத்துகள் பேடின் ஆயுளையோ தரத்தையோ சொல்லா என்பதையும் நினைவில் வையுங்கள். முப்பத்தெட்டு வெள்ளிப் பெட்டிக்குள் இருந்த பேடில் இவற்றில் எதுவுமே இல்லை. உற்பத்தி எண்கூட இல்லை.

'இந்தியா சாமான்', 'சீனா சாமான்' என்று முகம் சுளிப்பதும் தேவையில்லாதது. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் கூட்டாக நிறுவியது. பிரேக் தயாரிப்பில் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் அந்த ஊருக்கு உண்டு. பெட்டியில் இருக்கும் நாட்டின் பெயரைவிட, பேடின் முதுகில் இருக்கும் குறியைப் பார்ப்பதே மேல்.

துளை போட்ட டிஸ்கைப் பற்றி என் வகுப்பு நண்பர்களோடு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. வீட்டுக்கும் வளாகத்துக்கும் ஓடும் காருக்கு அது தேவையில்லை. துளையைச் சுற்றி விரிசல் விடும் வாய்ப்புதான் கூடுதல். அதைவிட வேடிக்கை, சிவப்புப் பிளாஸ்டிக் மூடியைக் காலிப்பர்மேல் மாட்டிக்கொள்வது. வெப்பம் வெளியேற வேண்டிய இடத்துக்குச் சட்டை போட்டுவிட்டு அதைப் படமெடுத்துப் பதிவேற்றுகிறோம்.

சென்ற 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் லாரியோடு மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீசார் இறந்தார்கள். ஜூன் 9-இல் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து உப்சி மாணவர்கள் பதினைந்து பேர் போனார்கள். நம் வயதுப் பிள்ளைகள். அதன் பிறகு லாரி, பேருந்துகளின் வேகக் கட்டுப்பாடு பற்றியும் பரிசோதனை பற்றியும் நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் அவற்றுக்காவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. சொந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. பெயர் மாற்றும்போது பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு ஒரே குடும்பத்தில் ஓடும் காரின் பிரேக்கை, அந்தக் குடும்பம் பார்க்காவிட்டால் யாரும் பார்ப்பதில்லை.

போர்மேன் அண்ணனை நான் குறை சொல்லவில்லை. "வர்றவங்க எல்லாம் 'எவ்வளவு?'ன்னு ஒரே கேள்விதான் கேப்பாங்க. அதனால நானும் விலையை மட்டும் சொல்லிப் பழகிட்டேன்" என்றார். ஆகவே கேட்கும் ஆள் மாற வேண்டும். நான்காம் படிவ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோலிக் குண்டுக்குப் பதில், பட்டறையில் கழித்துப்போட்ட ஒரு டிஸ்கையும் ஒரு ஜோடி பேடையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அந்த வரப்பை அளக்கும் மாணவருக்கு அளவீட்டுப் பிழை என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

கடைசியில் நாங்கள் எடுத்தது குறி இருந்த எழுபத்தைந்து வெள்ளி பேடும், துளை இல்லாத சாதாரண டிஸ்க் ஒரு ஜோடியும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, கார் ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் எண்ணெயையும் மாற்றினோம். அம்மா ஒதுக்கியிருந்தது நூறு வெள்ளி. மீதியை, கைப்பேசித் திரை மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து கொடுத்தேன். விரிசல் விட்ட திரையில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். முதல் 300 கிலோமீட்டர் வரை ஓங்கி மிதிக்க வேண்டாம், புது பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார்.

பின்சக்கர டிரம்மை இன்னும் திறந்து பார்க்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.